மல்லாக்க வைக்காத தொப்பி

"சாகப் போறவன் நாயைக் கூட்டிட்டுப் போவானா?"

வெல்டா ஹாகன் இதைக் கேட்டது, கதவு திறந்து கிடந்த, இருக்கையில் நாயின் சேற்றுக் கால்தடம் பதிந்திருந்த பிக்கப் வண்டியிடம். பதில் அவள் முதுகுக்குப் பின்னாலிருந்து வந்தது.

"நாயும் எலெக்‌ஷன்ல நின்னு தோத்திருக்கும், பாஸ்."

டூயி பிஞ்ச் கழுத்துவரை ஜிப்பை இழுத்துவிட்டுக்கொண்டு மூக்கு சிவக்க நின்றிருந்தான். நாற்பது வயது, இரண்டு விவாகரத்து, வாயை மூடத் தெரியாத வியாதி. மெடோலார்க் கவுண்டி என்ற அந்தச் சின்ன மாவட்டத்தின் ஷெரீஃப் அலுவலகத்தில் வெல்டாவின் முகத்தைப் பார்த்துப் பேசுகிற ஒரே ஆள்.

மார்ச் மாதத்து மான்டானா, அமெரிக்காவின் வடக்கோரம். ஹாட்செட் ஏரியின் மேல் பனிக்கட்டி இன்னும் இருந்தது. ஆனால் பழுப்பேறி, ஓரங்களில் நீர் கசிந்து, கால் வைக்க லாயக்கில்லாமல் ஆகிவிட்டிருந்தது. கரையிலிருந்து கொஞ்சம் தள்ளி ஓர் இடத்தில் அது உடைந்து கறுப்பாக வாயைத் திறந்திருந்தது. காற்று காலடித் தடங்களைத் துடைத்துப்போட்டிருந்தது.

வண்டி ஆரின் டோலுடையது. வெல்டாவுக்கு முன்னால் ஷெரீஃபாக, ஜனங்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கும் போலீஸ் தலைவராக, இருந்தவர். கவுண்டியில் பாதிப் பேருக்கு அவரைத் தவிர வேறு ஷெரீஃபைத் தெரியாது. போன நவம்பரில், கைவிரல் கால்விரலை வைத்தே எண்ணிவிடக்கூடிய ஓட்டு வித்தியாசத்தில், தன்னிடம் ரேடியோ அறையில் சேர்ந்து, பிறகு ரோந்து வண்டி ஓட்டிய ஒரு பெண்ணிடம் தோற்றுப்போனார். அலுவலகச் சுவரில் வரிசையாக மாட்டியிருந்த ஷெரீஃப்களின் படங்களில் மீசை இல்லாத முதல் படம் வெல்டாவுடையது. அதற்குப் பிறகு ஆரினை வெளியில் பார்த்தவர்கள் குறைவு.

"யார் முதல்ல பார்த்தது?"

"தலைவர்தான்" என்று டூயி முகவாயால் சுட்டிக்காட்டினான்.

கவுண்டி நிர்வாகக் குழுவின் தலைவர் பர்டெட் க்ளைன் கரையில் நின்ற கூட்டத்தின் நடுவில் இருந்தார். விதைக் கம்பெனி இலவசமாகக் கொடுத்த துணித்தொப்பி. ஃபிளாஸ்க்கில் காபி. அவரைச் சுற்றி ஏழெட்டு ஆண்கள். வெல்டா நெருங்கியதும் பேச்சு நின்றது. இந்த நான்கு மாதத்தில் அவளுக்கு அது பழகிவிட்டது. அவள் உள்ளே நுழைந்தால் கஃபேயில் ஸ்பூன் சத்தம்கூட நின்றுவிடும்.

"இன்னைக்குக் காலைல வேலி பார்க்க வந்தேன். வண்டி நிக்குது. ஆளைக் காணோம்" என்றார் க்ளைன். பிறகு, எல்லோருக்கும் கேட்கிற குரலில் சொன்னார். "தோத்த அன்னைக்கே அந்த மனுஷன் பாதி செத்துட்டான், வெல்டா. மீதியை இந்த ஏரி பார்த்துக்கிச்சு."

சிலர் பூட்ஸைப் பார்த்துக்கொண்டார்கள். ஒருவர்கூட 'அப்படிச் சொல்லாதே' என்று சொல்லவில்லை என்பதை வெல்டா கவனித்தாள்.

தீயணைப்புத் தொண்டர்களின் தலைவர் மைலோ சேதர் முன்னால் வந்தார். பெரிய உடம்பு, குறைந்த பேச்சு. தேர்தலின்போது அவர் வீட்டு வாசலில் ஆரினின் பெயர்ப் பலகை ஆளுயரத்துக்கு நின்றது.

"நாளைக் காலைல என் ஆளுங்க உள்ள இறங்கறாங்க. ஐஸ் சரியில்ல. ஆனா அவரை அப்படியே விட முடியாது."

"உங்க ஆளுங்களுக்கு ஏதாவது ஆயிட்டா, மைலோ?"

"ஆரினா இருந்தா எங்களுக்காக இறங்கியிருப்பார்."

வெல்டா வண்டியருகே திரும்பி வந்தாள். அரசாங்கம் கொடுத்த குளிர் ஜாக்கெட் ஆண் அளவு. தோள் இரண்டும் அவளைத் தாண்டித் தொங்கின. மாற்றித் தரச் சொல்லி எழுதிப்போட்டு ஒரு குளிர்காலம் முடிந்துவிட்டது.

ஓட்டுநர் இருக்கையின் பக்கத்தில் ஆரினின் சாம்பல் நிறத் தொப்பி இருந்தது. அவள் அதைத் தொடவில்லை. குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"டூயி, இங்க வா. இதுல என்ன தப்பு?"

"தலை இல்ல."

"சரியாப் பாரு."

டூயி பார்த்தான். விளிம்பு இருக்கையில் படும்படி, தலையில் வைத்திருப்பதைப் போலவே தொப்பி உட்கார்ந்திருந்தது. அவன் விசிலடித்தான்.

மான்டானாவில் அகல விளிம்புத் தொப்பி போடுகிறவன் அதைக் கழற்றினால் மல்லாக்கத்தான் வைப்பான். விளிம்பு கீழே பட்டால் வளைவு கெட்டுப்போகும், உள்ளே இருக்கிற அதிர்ஷ்டமும் கொட்டிவிடும் என்பார்கள். ஆரின் கோர்ட்டிலும் கல்யாணத்திலும் சாவு வீட்டிலும் அப்படித்தான் வைப்பார். ஒருமுறை புதிதாக வந்த நீதிபதி அவர் தொப்பியை நகர்த்திக் கவிழ்த்து வைத்தபோது, விசாரணையை நிறுத்திவிட்டு எழுந்துபோய் மாற்றி வைத்தவர்.

"இதை வச்சது அவர் இல்ல" என்றாள் வெல்டா மெதுவாக. "இந்த மாதிரித் தொப்பி போட்டுப் பழக்கமில்லாத ஒரு ஆள்."

"இதைப் போய் கரையில நிக்கறவங்ககிட்ட சொல்லுங்க பாஸ். 'தொப்பி தப்பா இருக்கு, அதனால ஆள் உயிரோட இருக்கார்'னு. உங்களையும் ஏரியிலயே தள்ளிடுவாங்க."

"அதனாலதான் நாயைத் தேடணும்."

* * *

ஆரினின் வீடு ஊருக்கு வெளியே, காற்றாலையைத் தாண்டித் தனியாக நின்றது. மனைவி இறந்து பல வருடம். பிள்ளைகள் இல்லை. கர்னல் என்ற கிழட்டு நாய் மட்டும்.

வெல்டா முன்வாசல் படியில் ஏறாமல் நின்றாள். கதவின் பாதி உயரத்துக்குப் பனி சாய்ந்து கிடந்தது. மேல்பக்கம் கெட்டியாகி, அழுக்கேறி, பறவைக் கால்கள் மட்டும் பதிந்த பழைய பனி.

"இந்தக் கதவு குளிர்காலம் முழுக்கத் திறக்கல" என்றாள்.

"பின்கதவு வழியாப் போவார்போல."

"அவர் போவார். வீட்டுக்கு வர்ற விருந்தாளி முன்கதவைத்தானே தட்டுவான்."

டூயி பின்பக்கமாக நடந்தான்.

ஊரில் எல்லோரும் ஆரினுக்குத்தான் ஓட்டுப் போட்டதாகச் சொல்லிக்கொண்டார்கள். அத்தனை பேரில் ஒருவரும் வந்து இந்தக் கதவைத் தட்டவில்லை. தானும்தான் வரவில்லை என்பது வெல்டாவுக்கு நெஞ்சில் எங்கோ குத்தியது. ஜெயித்தவள் வந்தால் குத்திக்காட்ட வந்ததாக ஆகிவிடுமோ என்று தயங்கித் தயங்கியே மார்ச் வந்துவிட்டது.

சமையலறை சுத்தமாக இருந்தது. ஒரு தட்டு, ஒரு கப், ஒரு முள்கரண்டி காயவைத்திருந்தன. வெல்டா நேராக அலமாரிக்குப் போனாள். உள்ளே சின்னச் சின்னக் கண்ணாடிக் குடுவைகள் வரிசையாக அடுக்கியிருந்தன. மூடிகளில் சிரிக்கிற குழந்தை முகம்.

"குழந்தை உணவா?" என்றான் டூயி. "ஆரின் நம்மகிட்ட எதையோ மறைச்சிருக்கார்."

"கர்னலுக்குப் பல்லு ஒண்ணுகூட இல்ல. உனக்குத் தெரியாது, நீ அப்ப ராத்திரி ஷிஃப்ட். ரேடியோ ரூம்ல நான்தான் ஸ்பூன்ல ஊட்டுவேன். கோழியும் கேரட்டும் கலந்தது மட்டும்தான் திங்கும். பட்டாணி கலந்ததைக் காட்டினா மூஞ்சியைத் திருப்பிக்கும்."

"என் ரெண்டாவது பொண்டாட்டி மாதிரி."

"ஜோக்கை விடு. யோசி. வேற ஊருக்கு ஓடிப்போறவரா இருந்தா இந்தக் குடுவையை எடுத்துட்டுப் போயிருப்பார். சாகறதுக்குன்னே போனவர்னா நாயை இங்க விட்டிருப்பார், கிண்ணத்துல சாப்பாடு வச்சிட்டு. ரெண்டும் நடக்கல."

"அப்போ?"

"நாய் கூட வந்திருக்கு. அவரே எதிர்பார்க்காம எங்கேயோ தங்க வேண்டியதாகியிருக்கு. அங்க நாய்க்குப் பசிச்சிருக்கு. அது வேற எதையும் திங்காது." அவள் அலமாரியைச் சாத்தினாள். "யாரோ கடைக்குப் போயிருக்கணும்."

டூயியின் முகம் மலர்ந்தது. "குழந்தை இல்லாத வீட்டுக்குக் குழந்தை உணவு வாங்கினது யாருன்னு கேக்கப் போறோமா? வாழ்க்கையில முதல் தடவையா எனக்கு இந்த வேலை பிடிச்சிருக்கு, பாஸ்."

* * *

அந்த ஊருக்கு இருந்தது ஒரே ஒரு மளிகைக்கடை. அதன் கல்லாவில் ட்ரூடி உட்கார்ந்திருந்தாள். பத்து வருடமாக ஒவ்வொரு செவ்வாய்க்கிழமையும் வெல்டாவோடு சீட்டு விளையாடியவள். ஜனவரியில் பதவியேற்ற பிறகு சீட்டாட்டம் 'கொஞ்ச நாளைக்கு இல்லை' என்று சொன்னார்கள். செவ்வாய்க்கிழமைகளில் ட்ரூடி வீட்டு வாசலில் நான்கு கார் நிற்பதை ரோந்து போகும்போது வெல்டா பார்த்திருக்கிறாள். நான்காவது நாற்காலிக்கு வேறு ஆள் கிடைத்துவிட்டது.

"வா, வெல்டா" என்றாள் ட்ரூடி, கொஞ்சம் அதிகப்படியான உற்சாகத்தோடு. "என்ன வேணும்?"

"கவுண்டியில இப்போ எத்தனை கைக்குழந்தை இருக்கு?"

"இது என்ன கேள்வி? ஆறு. ஹென்ரிக்ஸ் வீட்டு இரட்டையையும் சேர்த்து."

"கோழி, கேரட் குடுவை சமீபத்துல யாராவது புதுசா வாங்கினாங்களா?"

ட்ரூடி கை துடைக்கும் துணியை மடித்தாள். பிரித்தாள். மறுபடி மடித்தாள்.

"இது போலீஸ் கேக்குதா, நீ கேக்கறியா?"

"அதுல என்ன வித்தியாசம்?"

"நீ கேட்டா சிரிச்சுக்கிட்டே சொல்லுவேன். போலீஸ் கேட்டா யாரையோ மாட்டிவிட்ட மாதிரி இருக்கும். அதான் நாங்க..." அவள் அந்த வாக்கியத்தை முடிக்கவில்லை. செவ்வாய்க்கிழமையைப் பற்றியது அது என்று இருவருக்கும் தெரிந்திருந்தது.

"நாளைக்கு மைலோ ஆளுங்க அழுகின ஐஸுக்கு அடியில இறங்கறாங்க, ட்ரூடி. உன் தம்பியும் அதுல ஒருத்தன்."

ட்ரூடி துணியைக் கீழே வைத்தாள்.

"பர்டெட் க்ளைன். வெள்ளிக்கிழமை வந்தார். ஒரு அட்டைப்பெட்டி நிறைய. பேத்தி வருதானு கேட்டேன். மூஞ்சி தக்காளி மாதிரி ஆயிடுச்சு. உன் வேலையைப் பாருன்னுட்டார்."

வெளியே வந்ததும் டூயி வண்டியின் மேல் கையை ஊன்றிக்கொண்டு நின்றான். அவன் குரலில் முதல்முறையாகச் சிரிப்பு இல்லை.

"வெள்ளிக்கிழமை நாய்க்குச் சாப்பாடு வாங்கறார். இன்னைக்குத் திங்கக்கிழமை, வண்டியை இப்பத்தான் பார்த்தேன்ங்கறார். நாலு நாள் தெரிஞ்சுக்கிட்டே வாயைத் திறக்கல. துணித்தொப்பி மட்டும் போடற ஆள்!"

"ஏரிக்குக் கிழக்கால பர்டெட்டுக்கு ஒரு மீன்பிடிக் குடில் இருக்கு" என்றாள் வெல்டா. "வண்டியை எடு."

* * *

குடிலின் புகைபோக்கியிலிருந்து மெல்லிசாகப் புகை வந்துகொண்டிருந்தது. கதவைத் தட்டுவதற்கு முன்பே உள்ளே ஏதோ நகர்ந்தது. கதவு இடுக்கில் ஒரு நரைத்த மூக்கு நீட்டியது. கர்னல் வெல்டாவின் கையை மோந்து பார்த்துவிட்டு, பல்லில்லாத வாயால் அவள் விரலைக் கவ்விக்கொண்டது.

"வா, வெல்டா" என்றது உள்ளிருந்து ஒரு குரல். "கதவைச் சாத்து. குளிர் வருது."

ஆரின் டோல் அடுப்புக்கு அருகில் போர்வையைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஆறடிக்கு மேல் உயரமான மனிதர் பாதியாக மடிந்திருந்தார். வெள்ளைத் தாடி முளைத்திருந்தது. இடது கால் துணிச்சுற்றில். தொப்பி இல்லாமல் அவரை அவள் அதிகம் பார்த்ததில்லை. நெற்றியின் மேல்பாதி வெயில் படாமல் குழந்தையின் தோல்போல வெளுத்திருந்தது.

டூயி வாசலிலேயே நின்றான். "ஐயா, ஊரே உங்களுக்கு அழுதுக்கிட்டிருக்கு."

"அழறாங்களா?" அவர் நிஜமாகவே ஆச்சரியப்பட்டார். "யாரெல்லாம்?"

வெல்டா ஒரு ஸ்டூலை இழுத்து அவருக்கு எதிரில் உட்கார்ந்தாள். நெஞ்சுக்குள் கோபமும் நிம்மதியும் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டிருந்தன.

"பர்டெட் உங்களை இங்க அடைச்சு வச்சிருக்காரா?"

"கதவுல பூட்டு இல்லையே."

"பின்னே?"

அவர் நெருப்பைப் பார்த்தார். "வியாழக்கிழமை நான் ஐஸ் மேல நடந்தேன், வெல்டா. மீன் பிடிக்க இல்ல." கர்னலின் தலையைத் தடவினார். "கர்னலை வண்டியிலயே விட்டுட்டுத்தான் போனேன். கதவை எப்படித் திறந்துச்சோ, பின்னாலயே வந்துடுச்சு. போடான்னா போகல. ஐஸ் விட்டுச்சு, ஒரு கால் உள்ள போயிடுச்சு. இது ஓரத்துல நின்னுக்கிட்டு ஊளை விடுது. இதுவும் விழுந்துடும்னு பயந்துபோய் ஊர்ந்து வெளிய வந்தேன். சாவி தண்ணியில போச்சு. பக்கத்துல கூரைன்னு இது ஒண்ணுதான் தெரிஞ்சுது."

"பர்டெட்?"

"மறுநாள் வந்தான். பயந்துட்டான், பாவம். சூப் வச்சுக் கொடுத்தான். நாய்க்கு வாங்கிட்டு வந்தான். அதுவரைக்கும் நல்லவன்தான். அப்புறம் மெதுவா ஆரம்பிச்சான். 'கொஞ்ச நாள் இங்கயே இரு ஆரின். ஊர் உன்னைத் தேடட்டும். உன்னை இப்படி ஆக்கினவளை ஜனங்களே திருப்பி அனுப்புவாங்க. மனு போட்டு மறுபடியும் எலெக்‌ஷன் வைக்கலாம்'னான்."

"நீங்க சரின்னீங்களா?"

"மாட்டேன்னு சொல்லல." அவர் குரல் தாழ்ந்தது. "நாலு மாசத்துல என்னைப் பார்க்க வந்த ஒரே ஆள் அவன்தான், இந்த நாலு நாளா தினம் வர்றான். மாட்டேன்னு சொன்னா நாளைக்கு வரமாட்டான்ல?"

வெல்டாவுக்கு அந்த மனிதரைத் திட்டுவதற்கென்று வழியெல்லாம் யோசித்து வைத்திருந்த வார்த்தைகள் மறந்துபோயின. சீட்டாட்டத்தின் நான்காவது நாற்காலி ஞாபகம் வந்தது. ஷெரீஃபாக இருந்த அத்தனை வருடமும் இவரையும் அப்படித்தான் ஒதுக்கி வைத்திருப்பார்கள். தினம் போக ஓர் அலுவலகம் இருந்தவரை அந்தத் தனிமை தெரிந்திருக்காது.

"அவர் செஞ்சதுல ஒரே தப்பு" என்றாள், பேச்சை மாற்றுவதற்காக. "உங்க தொப்பியை விளிம்பு கீழ படற மாதிரி வச்சுட்டார். அதுல பிடிச்சேன். இந்த மாதிரித் தொப்பி போடாத ஆள்னு."

ஆரின் அவளையே பார்த்தார். பிறகு சிரித்தார். இருமல் வந்தது, அதற்கு நடுவிலும் சிரித்தார்.

"பர்டெட் அந்த வண்டி பக்கமே போகல. அதை வச்சது நான்."

டூயி, "என்னது?" என்றான்.

"ஐஸ்லேருந்து வந்து வண்டியைப் பிடிச்சுக்கிட்டு நின்னேன். சாவி இல்ல, போன் நனைஞ்சு செத்துப்போச்சு. உள்ள எப்பவும்போல தொப்பி மல்லாக்கக் கிடந்துச்சு. இதைப் பார்க்கறவன் நான் செத்துட்டேன்னுதான் நினைப்பான்னு தோணுச்சு. எல்லாரும் ஏரியைத்தான் பார்ப்பாங்க. இருக்கையைப் பார்க்கிற ஆள் இந்த ஊர்ல ஒருத்திதான். அவளுக்கு மட்டும் தெரியட்டும்னு திருப்பி வச்சேன்." அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "நீ ஆளைத் தப்பாப் பிடிச்சே. ஆனா வந்துட்டே."

வெல்டாவின் முகம் சூடேறியது. தன் முதல் பெரிய துப்பு தலைகீழாக இருந்ததற்காகவா, அவர் தன்னை நம்பியதற்காகவா என்று அவளுக்கே தெரியவில்லை.

"என்னோட வாங்க, ஆரின். கரையில எல்லாரும் என்னைக் கொலைகாரியாப் பார்க்கறாங்க. நீங்க ஒரு தடவை வந்து நின்னா போதும்."

"வர்றேன்" என்றார் உடனே. எழுந்திருக்கப் பார்த்தார். "ஆனா ஐஸ் மேல ஏன் போனேன்னு கேப்பாங்க, இல்ல?"

"கேப்பாங்க."

"என்ன சொல்லட்டும்?" அது அவளிடம் கேட்ட கேள்வி. ஊர் முழுக்க அவரிடம் என்ன செய்வது என்று கேட்டு வளர்ந்திருந்தது. அவர் யாரிடமும் கேட்டு அவள் பார்த்ததில்லை.

வெல்டா எழுந்து அவர் தோளைப் பிடித்து உட்காரவைத்தாள்.

"ஒண்ணும் சொல்ல வேணாம். டூயி, பின் ரோடு வழியா இவரை பில்லிங்ஸுக்குக் கூட்டிட்டுப் போ. பெரிய ஆஸ்பத்திரி. காலை மட்டும் இல்ல, எல்லாத்தையும் பார்க்கச் சொல்லு. நடந்ததை டாக்டர்கிட்ட நீங்களே சொல்லணும், ஆரின். அதுல மட்டும் பொய் கூடாது."

"சரி" என்றார் ஆரின்.

"பாஸ்" டூயி அவளைத் தனியே இழுத்தான். "இவர் வரலைன்னா உங்ககிட்ட ஆதாரம்னு ஒண்ணுமே இல்ல. தலைவர் மேல கேஸ் போட்டா இவரைக் கோர்ட்ல நிறுத்தணும். கேஸ் போடலைன்னா அவர் தப்பிச்சுடுவார். ரெண்டு பக்கமும் அடி உங்களுக்குத்தான்."

"தெரியும்."

"தெரிஞ்சுமா?"

"வண்டியில ஹீட்டரைப் போட்டு வை, டூயி."

* * *

மறுநாள் காலை கரையில் ஊர் பாதி கூடியிருந்தது. மைலோவின் ஆட்கள் கறுப்பு ரப்பர் உடையில் கயிறுகளைச் சரிபார்த்துக்கொண்டிருந்தார்கள். யாரோ கேரமல் ரோல் என்கிற இனிப்பு ரொட்டி கொண்டுவந்து வண்டியின் மேல் வைத்திருந்தார்கள். சாவு வீட்டுக்குக் கொண்டுவருகிற அதே தட்டு.

வெல்டா நேராக மைலோவிடம் போனாள்.

"யாரும் இறங்க வேணாம். ஆரின் உயிரோட இருக்கார்."

கயிற்றைப் பிடித்திருந்தவர்கள் நிமிர்ந்தார்கள். பர்டெட் க்ளைனின் கையிலிருந்த காபி தளும்பியது. ஆனால் அவர் நாற்பது வருடம் மாடு விற்றவர்; எதிராளியின் கையில் என்ன இல்லை என்பது அவருக்கு உடனே தெரிந்துவிடும்.

"அப்படியா? சந்தோஷம். எங்க இருக்கார்? கூட்டிட்டு வா, பார்க்கலாம்."

"இருக்கற இடத்தைச் சொல்லமாட்டேன்."

"ஏன்?"

"அது அவர் சொந்த விஷயம்."

முணுமுணுப்பு எழுந்தது. க்ளைன் கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினார். "கேட்டீங்களா? பொணம் கிடைச்சா பதவி போயிடும்னு தேடுறதையே நிறுத்தறா! ஆதாரம் எங்க, வெல்டா? யார் பார்த்தா?"

"நான் பார்த்தேன்."

"அப்போ உன் வார்த்தை மட்டும்தான்."

"ஆமா. என் வார்த்தை மட்டும்தான்."

அப்போது பின்னாலிருந்து டூயியின் குரல், அக்கறை சொட்டச் சொட்ட வந்தது. "தலைவரே, கேக்க மறந்துட்டேன். வீட்ல பாப்பா எப்படி இருக்கு? கோழி, கேரட் ஒத்துக்குதா?"

ட்ரூடி தன் தம்பியின் பக்கத்தில் நின்றிருந்தாள். அவளுக்குச் சிரிப்பு பீறிட்டு வந்தது, அதைக் கையால் பொத்திக்கொண்டாள். விஷயம் தெரிந்த இரண்டு பெண்கள் தோளால் இடித்துக்கொண்டார்கள். விஷயம் தெரியாத ஆண்கள் க்ளைனைப் பார்த்தார்கள். அவர் முகம், ட்ரூடி சொன்னது சரிதான், தக்காளியாகியிருந்தது.

மைலோ சேதர் சிரிக்கவில்லை. கையுறையைக் கழற்றிக்கொண்டு வெல்டாவின் முன்னால் வந்து நின்றார்.

"ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். உன் கண்ணால பார்த்தியா?"

"பார்த்தேன். பேசினேன்."

"அதுக்கு மேல நான் கேக்கக் கூடாது."

"கூடாது, மைலோ."

அவர் ஏரியைப் பார்த்தார். உடைந்த இடத்தில் தண்ணீர் மெதுவாக அசைந்தது. பிறகு தன் ஆட்களைப் பார்த்தார். அதில் கடைசியாக நின்ற ட்ரூடியின் தம்பிக்கு வயது முப்பதுகூட ஆகவில்லை. உள்ளே அனுப்பினால் திரும்பி வருவான் என்பதற்கு யாரிடமும் ஆதாரம் இல்லை.

மைலோ தன் உடையின் ஜிப்பைக் கீழே இழுத்தார்.

"கயிறைச் சுத்துங்கடா. ஷெரீஃப் சொல்லிட்டாங்க."

கொஞ்ச நேரத்தில் வண்டிகள் ஒவ்வொன்றாகக் கிளம்பின. யாரும் வெல்டாவிடம் வந்து கைகொடுக்கவில்லை. ட்ரூடி ஒருமுறை திரும்பிப் பார்த்தாள், வரலாமா என்று யோசித்தவள்போல, பிறகு காரில் ஏறிக்கொண்டாள். க்ளைன் மட்டும் தன் வண்டிக் கதவைப் பிடித்தபடி நின்றார்.

"மனு வரும். நிச்சயமா வரும்" என்றார் பல்லைக் கடித்துக்கொண்டு.

"கொண்டு வாங்க. நீங்க கேஸ்லேருந்து தப்பிச்சது உங்களுக்காக இல்ல, பர்டெட். அவருக்காக." வெல்டா போகத் திரும்பினாள். நின்றாள். "சூப் வச்சுக் கொடுத்தீங்களாம். அதுக்கு நன்றி."

அவர் கதவை அறைந்து சாத்திக்கொண்டு போனார்.

* * *

அன்று சாயங்காலம் கஃபேயில் வழக்கம்போல் ஜன்னலோர மேசையில் தனியாகச் சாப்பிட்டாள். ஸ்பூன் சத்தம் நிற்கவில்லை என்று தோன்றியது. அல்லது அவள் கவனிக்கவில்லை. வீட்டுக்கு வந்து அடுப்பை மூட்டினாள். ஆரின் வரும்வரை அவளோடு தங்கியிருக்கும் கர்னல் அறை அறையாகப் போய் யாரையோ தேடிவிட்டு, அவள் காலடியில் வந்து பெருமூச்சோடு படுத்தது.

போன் அடித்தது.

"டூயி என்னைப் பார்த்துட்டு இப்பத்தான் கிளம்பினான்" என்றார் ஆரின். "நேத்து வழி பூரா பேசினான். இன்னைக்கும் வந்து பேசினான். காது வலிக்குது."

"எனக்குத் தினம் வலிக்குது. டாக்டர் என்ன சொன்னார்?"

"டாக்டர் ஒரு பொண்ணு. நிறைய கேள்வி கேக்குது. எல்லாத்துக்கும் பதில் சொன்னேன்."

"எல்லாத்துக்கும்?"

"எல்லாத்துக்கும்." உடனே அடுத்த கேள்வி கேட்டார். "கர்னல் சாப்பிட்டானா?"

"சாப்பிட்டான்."

"ரோடு எப்படி இருக்கு?"

"காஞ்சிருச்சு. கிழக்குப் பக்கம் மட்டும் கொஞ்சம் வழுக்குது."

"வேற?"

"வேற ஒண்ணுமில்ல, ஆரின்."

"சரி."

"சரி."

அந்தப் பக்கம் எங்கோ ஒரு ஆஸ்பத்திரித் தள்ளுவண்டி உருண்டு போகிற சத்தம் கேட்டது. இந்தப் பக்கம் அடுப்பில் விறகு ஒன்று சரிந்து விழுந்தது. அது அவருக்கும் கேட்டிருக்கும். வெல்டா காலால் ஒரு நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள். இரண்டு பேரும் எதுவும் பேசவில்லை. இரண்டு பேரும் போனை வைக்கவும் இல்லை.